விடுபட்ட ஏழாம் பதிப்பு

மூளையை அடிக்கடி வெளியே எடுத்தால் தேய்ந்துவிடும் என்று பத்திரமாக வைத்திருந்த ஊர் நெட்டேரிப்பட்டி. அங்கே ஆறு பேர் கூடி, ஏரி மதகைத் தானே திறந்து மூடும் கட்டற்ற மென்பொருள் ஒன்றைச் செய்தார்கள். யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம். சுற்றுவட்டாரத்தில் பதினோரு ஏரிகளில் அது ஓடியது.

எட்டாம் பதிப்பில் ஒரு பிழை. மதகு அரை மணி தாமதமாக மூடியது. மதகை ஒட்டிய முதல் வயல் அந்த ஆறு பேரில் ஒருவரான கோமதிநாயகத்துடையது. ஒன்றரை ஏக்கர் கடலை, பறிக்க நாலு நாள்தான் இருந்தது. இன்னொரு முறை தண்ணீர் தேங்கினால் அத்தனையும் அழுகிவிடும். பாவம், அவரே உட்கார்ந்து பிழையைத் திருத்தினார். சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு மதகு திறக்கும். அதற்குள் வெளியிட வேண்டும். எண் வைப்பது மட்டும்தான் மிச்சம்.

"ஒன்பது" என்றார் குழுத் தலைவர் வைரப்பெருமாள்.

கோமதிநாயகம் கூச்சத்தோடு நோட்டைத் திறந்தார். எதையும் எண்ணிப் பார்க்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

"அண்ணாச்சி, ஆறாவது இருக்கு, எட்டாவது இருக்கு. ஏழாவதைக் காணோம்."

எல்லாரும் மேஜைக்கு அடியில் தேடினார்கள். இல்லை. எண்கள் வரிசையாக வர வேண்டும், ஒன்றும் விடுபடக் கூடாது என்பது விதி.

"அப்போ இதுக்கே ஏழுன்னு வையும்வே" என்றார் குழுவில் இன்னொருவரான சங்கிலிமுத்து. "ஓட்டை அடைஞ்சிரும்."

வைத்தார்கள். பதினோரு ஏரிகளின் கணினிகளிலிருந்தும் ஒரே பதில் வந்தது: 'என்னிடம் எட்டு இருக்கிறது. ஏழு பழையது. வேண்டாம்.'

"திமிரைப் பாரும்! எல்லாத்தையும் ஆறுக்கு இறக்கும். ஆறுக்கு ஏழு புதுசுதானே?" என்றார் தலைவர்.

"ஆறாம் பதிப்பு மதகைத் திறக்கும் அண்ணாச்சி, மூடாது."

"உமக்கு வரிசை முக்கியமா, கடலை முக்கியமா?"

கோமதிநாயகம் நோட்டைப் பார்த்தார். ஆறுக்கும் எட்டுக்கும் நடுவே வெள்ளையாக ஒரு வரி. "வரிசைதான்" என்றார்.

சனிக்கிழமை ஆறு மணிக்கு ஆறாம் பதிப்பு மதகைத் திறந்தது. ஒரு பதிப்பை ஒரு நாள் ஓடவிட்ட பிறகே அடுத்தது என்பது இன்னொரு விதி. ஓடவிட்டார்கள். தண்ணீரும் ஓடியது.

ஞாயிறு காலை ஏழாம் பதிப்பு போனது. மதகு சொன்ன நேரத்துக்கு மூடியது. தன் வயலில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, நோட்டைத் தலைக்குமேல் பிடித்து, கோமதிநாயகம் பதிப்புகளை எண்ணி முடித்தார். ஒன்றும் விடுபடவில்லை. ஊரிலேயே நிம்மதியான மனிதர் அவர்தான்.

"வே!" கரையிலிருந்து சங்கிலிமுத்து கத்தினார். "ஒண்ணுக்கு முன்னால பூஜ்யம் உண்டுல்லா?"

கோமதிநாயகம் முதல் பக்கத்தைப் புரட்டினார். வரிசை ஒன்றில்தான் தொடங்கியிருந்தது. பூஜ்யத்தைக் காணோம்.

"பூஜ்யத்துல என்னவே இருக்கும்?" என்றார் தலைவர்.

"ஒண்ணும் இருக்காது அண்ணாச்சி."

"அப்போ தயாராத்தானே இருக்கு!"

அன்று மாலையே வெளியிட்டார்கள். இன்றுவரை அதில் ஒரு பிழைகூட வரவில்லை.