கிளிமினி சொன்ன முதல் பெயர்

அந்தக் காலத்தில் கழுகிடம் கேள்வி கேட்டால் அது வாய் திறந்து பதில் சொல்லும். மேலே இருந்தவர்கள்தான் பதில் சொல்ல மாட்டார்கள்.

கிரேக்க நாட்டில், ஜீயஸ் தேவர்களுக்கு அரசனாவதற்கு முன்னால் உலகத்தை ஆண்டது டைட்டன்கள் என்ற பெருங்குலம். அந்தக் குலத்துப் பெண் கிளிமினி. அவளைப் பற்றி யாரும் பெரிதாக ஒன்றும் எழுதி வைக்கவில்லை. நான்கு பிள்ளைகளைப் பெற்றாள், வளர்த்தாள். இதையெல்லாம் யார் எழுதுவார்கள்?

டைட்டன்களோடு நடந்த போரில் ஜீயஸ் வென்றதும் தண்டனைகள் ஆரம்பித்தன. அவளுடைய மூத்த மகன் அட்லஸின் தோளில் வானத்தை ஏற்றி வைத்தான். மெனோடியஸை இடியால் அடித்துப் பாதாளக் குழிக்குள் தள்ளினான். மனிதர்களுக்கு நெருப்பைக் கொடுத்தான் என்று புரொமிதியஸைப் பாறையோடு சேர்த்துச் சங்கிலியால் கட்டினான். தினமும் ஒரு கழுகு வந்து அவன் ஈரலைத் தின்னும்; இரவில் அது மறுபடி வளர்ந்துவிடும்.

மிஞ்சியவன் கடைக்குட்டி எபிமிதியஸ். கொஞ்சம் மந்தம். எதையும் நடந்து முடிந்த பிறகுதான் யோசிப்பான். இவனால் யாருக்கு என்ன ஆபத்து என்று விட்டுவிட்டார்கள்.

கிளிமினி நாள் தவறாமல் பாறைக்குப் போய்க் கழுகிடம் மன்றாடினாள்.

"நான் என்ன செய்யட்டும் அம்மா, எனக்கு இட்ட வேலை இது," என்றது கழுகு, அலகைப் பாறையில் துடைத்துக்கொண்டே. "தினமும் ஈரல். எனக்கும்தான் அலுத்துவிட்டது."

"பாவம், உனக்குக் கஷ்டம்தான். அவனையும் ஒரு வார்த்தை கேள், அலுத்துவிட்டதா என்று."

கழுகு முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஆனாலும் மேலே போய் ஏதோ சொல்லியிருக்கிறது. ஒரு நாள் உத்தரவோடு வந்தது.

"ஒரு பிள்ளைக்கு விடுதலை. நாளைக் காலை பாதாளக் குழியின் வாசலில் நின்று பெயரைச் சொல்லுங்கள். முதலில் சொல்லும் பெயர்தான். மாற்ற முடியாது."

அட்லஸை விடுவித்தால் வானம் எல்லோர் தலையிலும் விழும். கிளிமினி புரொமிதியஸைப் பார்த்தாள். வரப்போவதை முன்கூட்டியே அறிகிறவன் அவன்.

"என்னைச் சொல்லாதே அம்மா. என் முகத்தையாவது நீ தினமும் பார்க்கிறாய். மெனோடியஸை யார் பார்த்தார்கள்?" என்றான். பிறகு தயங்கி, "வழியெல்லாம் அவன் பெயரையே சொல்லிக்கொண்டு போ," என்றான்.

மறுநாள் அப்படியே போனாள். மெனோடியஸ், மெனோடியஸ். எபிமிதியஸைத் தனியாக வீட்டில் விட முடியாது, அடுப்பை அணைக்க மாட்டான். அதனால் அவனும் செருப்பு வார் அறுந்து பின்னால் இழுத்து இழுத்து வந்தான்.

குழியின் கதவு ஒரு விரல் அளவு திறந்திருந்தது.

"பெயர்?" என்றது கழுகு.

கிளிமினி வாயைத் திறந்தாள். எத்தனையோ வருடங்களாக அந்த வீட்டில் கூப்பிட ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. எழுந்திரு, சாப்பிடு, கதவைச் சாத்து, எல்லாம் அந்த ஒரு பெயருக்குத்தான். நாக்கு பழகிய வழியிலேயே போயிற்று.

"எபிமிதியஸ்," என்றாள்.

"இல்லை. அட்லஸ். இல்லை, புரொமிதியஸ்... மெனோடியஸ். மெனோடியஸ் என்றுதான் சொல்ல வந்தேன்."

கழுகு தரையைப் பார்த்தது. "முதல் பெயர் மேலே போய்ச் சேர்ந்துவிட்டது அம்மா."

"அவன் வீட்டில்தானே இருக்கிறான். அவனுக்கு எதற்கு விடுதலை?"

"அதை நான் கேட்க முடியாது."

"கூப்பிட்டாயா அம்மா?" என்று எபிமிதியஸ் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தான்.

அதே நேரத்தில், கதவு இடுக்கு வழியாக, வெகு ஆழத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"இதோ வந்துவிட்டேன் அம்மா."

கதவு மூடிக்கொண்டது.

அவள் எபிமிதியஸைத் திட்டவில்லை. குனிந்து செருப்பு வாரை முடிந்துவிட்டு அவனை வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறு போட்டாள். வேறென்ன செய்வாள்?

இன்று அம்மா பெயர் மாற்றிக் கூப்பிட்டால், வயதாகிவிட்டது, மறதி என்று பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அன்று முதல்தான், ஒரு பிள்ளையைக் கூப்பிட வாய் திறக்கிற தாய்க்கு மற்ற பிள்ளைகளின் பெயரெல்லாம் முதலில் வருகிறது. கூப்பிட நினைத்த பெயர் கடைசியில் வருகிறது.