மான்துறையில் ஒரு புதுச் சொல்

சிரிக்கத் தயாராக இருங்கள், இந்தக் கதையில் ஒரு சிரிப்பு வருகிறது. ஆனால் இப்போது இல்லை. குளம் இன்னும் கொஞ்சம் வற்றட்டும்.

காட்டுக் குளத்தில் தெளிந்த தண்ணீர் ஒரே ஒரு துறையில்தான். கொம்புள்ள மான்கள் அங்கே குடித்து, குளித்து, கரையேறிய பிறகுதான் மற்றவர்கள் இறங்கலாம். அதுதான் வழக்கம். "கொம்பில்லாதவர்கள் சற்றே ஒதுங்கி நிற்கலாமே" என்று தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்லும் பெரிய மான். மிஞ்சுவது சேறு. மொச்சை என்ற முயலின் இரண்டு குட்டிகளும் அந்தச் சேற்றைக் குடித்து வயிறு வீங்கிக் கிடந்தன.

நரி வந்தது. குரலில் வெல்லம்.

"மொச்சையக்கா, இதுக்கு ஒரு பேர் இருக்கு தெரியுமா? மேட்டிமை. நாங்க உசத்தி, நீங்க மட்டம்ங்கிற திமிர். எல்லாரும் சேர்ந்து 'மேட்டிமை ஒழிக'ன்னு கத்துங்க. நாளைக்கே உன் பிள்ளைங்களுக்குத் தெளிஞ்ச தண்ணி."

சொல் சரியான சொல்தான். அணில், கீரி, தவளை, எலி எல்லாம் கூடிக் கத்தின. அத்தனை வாய்களைக் கண்டு மிரண்ட மான்கள் காட்டைவிட்டே ஓடின.

மறுநாள் துறையில் நரி நின்றது. தண்ணீரில் மேட்டிமை ஏதும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று முதலில் தான் குடித்துப் பார்க்க வேண்டுமாம். குடித்தது. குளித்தது. புரண்டது. சிரித்துவிடாதீர்கள், இது அந்தச் சிரிப்பு இல்லை.

"அண்ணே, மானைத் துரத்தியாச்சு. இப்ப நீங்க எதுக்கு முதல்ல குடிக்கிறீங்க?" என்று தவளை கேட்டது.

"பாருங்கடா, இவனுக்கு மட்டும்தான் மூளை இருக்காம். இதுதான் மேட்டிமை" என்றது நரி.

உடனே எல்லோரும் தவளையைப் பார்த்துக் கத்தினார்கள். மொச்சைதான் எல்லோரையும்விட உரக்க. கோடையில் குளத்தைவிட்டு விரட்டினால் தவளை எங்கே போகும்? கரைப் பாறையில் காய்ந்து கிடந்தது.

சில நாள் கழித்து மொச்சை ஒற்றைக் குட்டியோடு வந்தது. இது ஒன்றுதான் மிச்சம், இதையாவது முதலில் குடிக்க விடு என்று கெஞ்சியது.

"உன் பிள்ளை மட்டும் உசத்தியோ?" என்றது நரி.

"மேட்டிமை ஒழிக!" என்று அணில் கத்தியது. அன்று தவளையைப் பார்த்து மொச்சை கத்திய அதே குரல், அதே ஏற்றம்.

நரி கலக்கிய சேறு மொச்சையின் காலைத் தொட்டது. மொச்சை சேற்றைப் பார்த்தது. பிறகு பாறையைப் பார்த்தது.

"தவளை கேட்டதுக்கு நீ இன்னும் பதில் சொல்லல" என்றது மெதுவாக.

நரி சிரித்தது. நான் சொன்ன சிரிப்பு அதுதான்.

உசத்தி பேசுகிறவரை எதிர்க்கக் கற்ற சொல்லைக் கேள்வி கேட்கிறவர்மேல் எறிந்தால், துறை கைமாறுமே தவிர தண்ணீர் தெளியாது.