வெயில் ஏறினால் படுத்துக்கொள்ளும் மெஷின்

"டீச்சர், காலைல நல்லாத்தான் ஓடுச்சு. வெயில் ஏற ஏற மெஷின் படுத்துக்கிடுது" என்றார் தொம்மை.

தொம்மைக்கு அறுபது வயது. ஆயுசு முழுக்கப் படகு இன்ஜினோடு மல்லுக்கட்டியவர். வெயிலில் ஓடும் மெஷின் கட்டச் சொல்லித்தரும் டீச்சர் ஜைனம்புவுக்கு முப்பதுகூட ஆகவில்லை. வயசைப் பார்த்துக்கொண்டிருந்தால் வித்தை வருமா என்று அவரே தேடிப்போய் அவளிடம் சேர்ந்தார்.

மெஷின் பெரிய மாயமொன்றும் இல்லை. கரையில் கறுப்புப் பெட்டிகள். வெயிலில் அவற்றுக்குள் தண்ணீர் சூடாகும், கொதிக்கக்கூட வேண்டாம். அந்தச் சூட்டுக்கே ஆவியாகிவிடும் ஒரு திரவம் இன்ஜினை ஓட்டும். வேலை முடித்த ஆவியைக் கடல்தண்ணீர் குளிரவைத்து மறுபடி திரவமாக்கும். இன்ஜின் பம்பை ஓட்ட, பம்பு கடல்தண்ணீரை வடிகட்டிக்குள் நெருக்கித் தள்ள, அந்தப் பக்கம் நல்ல தண்ணீர் கொட்ட வேண்டும்.

சொட்டிக்கொண்டிருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல்.

அன்றைக்கு மாதா கோயில் அசனம். ஊரே கூடி உட்கார்ந்து சாப்பிடும் சாப்பாடு. "இந்த வருசம் லாரித் தண்ணி வேண்டாம், நான் தாறேன்" என்று கோயிலில் எழுந்து நின்று சொல்லியிருந்தார் தொம்மை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இப்போது அண்டாக்கள் காலியாக அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

"இன்னும் நாலு பெட்டி வச்சேன் டீச்சர். ஒண்ணும் நடக்கல. வெயில் பத்தலையோ?"

ஜைனம்பு அண்ணாந்து உச்சிவெயிலைப் பார்த்தாள்.

"செருப்பைக் கழத்துங்க அண்ணாச்சி."

"எதுக்கு?"

"கழத்துங்க. அப்படியே குழாயோரமாக் கடல் வரைக்கும் நடங்க."

கடல்தண்ணீர் கொண்டுவரும் குழாய் மணல்மேல் நீளமாகக் கிடந்தது. தொம்மை கொஞ்ச தூரம் நடந்தார். பிறகு ஓடினார். பிறகு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குதித்தார். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பெண்கள் வேலையை விட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுதான் அவருக்கு மூச்சு வந்தது.

"எப்படி இருக்கு?" என்றாள் ஜைனம்பு.

"சில்லுனு இருக்கு டீச்சர். இப்பதான் உசிரு வந்துச்சு."

"சரி, வந்த வழியாத் திரும்பி வாங்க."

தொம்மை மணலைப் பார்த்தார்.

"நான் வரமாட்டேன்."

"தண்ணி அந்த வழியாத்தானே வருது, காலைலருந்து."

தொம்மை குழாயைப் பார்த்தார். கரைக்கு வந்து அதன்மேல் கை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்தார்.

"குழாய்க்கு யாரு அண்ணாச்சி கறுப்படிச்சது?"

"பெட்டிக்கு அடிச்சதுல பெயிண்டு மிச்சம் இருந்துச்சு" என்றார் தொம்மை, மெதுவாக. படகுக்காரர் பெயிண்டை வீணாக்குவாரா?

"சுடுதண்ணி ஆவியை எப்படிக் குளிரவைக்கும் அண்ணாச்சி?" என்றாள் ஜைனம்பு.

தொம்மை குனிந்து, ஈர மணலை இரண்டு கையாலும் அள்ளிக் குழாய்மேல் போட்டார். போட்டுக்கொண்டே போனார். பெண்கள் வாளி வாளியாகக் கடல்தண்ணீரை மொண்டு அதன்மேல் ஊற்றினார்கள்.

கொஞ்ச நேரத்தில் மெஷினின் சத்தம் மாறியது. சொட்டிக்கொண்டிருந்த தண்ணீர் அண்டாவுக்குள் கொட்டத் தொடங்கியது. யாரோ அடுப்பைப் பற்றவைத்தார்கள்.

"அண்ணாச்சி, இன்னும் நாலு பெட்டி வைப்போமா?" என்றாள் ஜைனம்பு.

தொம்மை நிமிரவில்லை.

"பெட்டியை விடுங்க டீச்சர். அந்த மண்வெட்டியை எடுத்துட்டு வாங்க, இன்னும் பாதிக் குழாய் வெயில்ல கெடக்கு."