குறட்டின் வாய்

கல்குவாரிக்குப் போகிற மண்சாலையில் உலகம்மாளின் பட்டறை இருந்தது. குவாரியில் நாளொன்றுக்கு நூறு உளிகள் மழுங்கும். அத்தனையும் கூர் தட்ட அவளிடம்தான் வரும். அங்கே வேலைக்குக் குறைவில்லை. பேச்சுக்குத்தான் குறைவு.

அவளுக்கு வயது நாற்பத்தொன்று. அவளுடைய சீடர் ஆவுடையப்பனுக்கு அறுபத்திரண்டு. குவாரி ஆட்களுக்கு இது சிரிப்பாக இருந்தது. சிரித்துவிட்டுப் போகட்டும் என்று இருவரும் விட்டுவிட்டார்கள்.

ஆவுடையப்பன் சரக்கு ரயிலில் கார்டாக இருந்தவர். முப்பத்தைந்து வருஷம் கடைசிப் பெட்டியில் தனியாக உட்கார்ந்து, பச்சைக் கொடியிலும் சிவப்புக் கொடியிலும் பேசிப் பழகியவர். ஓய்வு பெற்று வீட்டோடு வந்த மறு வருஷமே மனைவி வடிவு காய்ச்சலில் இறந்துபோனாள். பிள்ளைகள் இல்லை. காலையில் பால்காரரிடம் “அரை லிட்டர்” என்பார். மறுநாள் காலை மறுபடியும் “அரை லிட்டர்” என்று சொல்லும்வரை அவர் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே வராது.

ஒருநாள் கால்போன போக்கில் நடந்து வந்தவர் பட்டறை வாசலில் நின்றார். மறுநாளும் நின்றார். எட்டாவது நாள் உலகம்மாள் தலை நிமிர்ந்து, என்ன வேணும் என்று கேட்டாள்.

“இந்த வேலையக் கத்துக்கிடலாமா?” என்றார்.

“எதுக்கு அண்ணாச்சி?”

“வீட்ல சத்தமே இல்லம்மா. இங்க சத்தம் இருக்கு.”

அவள் உலைக்குக் காற்று ஊதும் துருத்திச் சக்கரத்தைக் காட்டினாள். அவர் உட்கார்ந்து சுற்ற ஆரம்பித்தார். அப்படியே நான்கு மாதம் போயிற்று.

அந்தப் பட்டறைக்கு ஒரு வழக்கம் உண்டு. சொந்தக் குறடு இல்லாதவர் உலையில் இரும்பு வைக்கக் கூடாது. அடுத்தவர் குறட்டைத் தொடவும் கூடாது. அவரவர் குறடு அவரவர் அடித்ததாக இருக்க வேண்டும்.

ஆவுடையப்பனுக்கு இது குழப்பமாக இருந்தது. பழுத்த இரும்பைப் பிடிக்கத்தானே குறடு, அந்தக் குறட்டையே அடிக்க எதைக் கொண்டு பிடிப்பது என்று கேட்டார்.

உலகம்மாள் ஓர் ஆள் கைநீளத்துக்கு ஒரு கம்பியை எடுத்தாள். ஒரு முனையை உலையில் செருகினாள். மறு முனையை அவர் கையில் கொடுத்தாள்.

“இந்தப் பக்கம் சுடாது” என்றாள்.

அன்றைக்குத் தொடங்கினார். குறட்டுக்கு இரண்டு கம்பி. இரண்டையும் நுனியில் தட்டி வாயாக்க வேண்டும், இடுப்பில் தட்டையாக்கித் துளை போட வேண்டும், ஒன்றின்மேல் ஒன்றை வைத்து ரிவிட் அடிக்க வேண்டும். கேட்பதற்கு இவ்வளவுதான். முதல் குறட்டில், இடக்கைக்கும் வலக்கைக்கும் செய்வதுபோல ஒன்றை இடமாகவும் ஒன்றை வலமாகவும் அடித்துக்கொண்டு வந்தார். பார்க்க ஜோடியாகத்தான் இருந்தது. சேர்த்தால் வாய்கள் இரண்டும் ஆளுக்கொரு திசையைப் பார்த்தன. இரண்டையும் அச்சு மாறாமல் ஒன்றுபோலவே அடித்து, ஒன்றைத் திருப்பி வைத்தால்தான் கூடும் என்பது அதற்குப் பிறகு புரிந்தது. இரண்டாவது குறட்டில் ரிவிட்டை ஓங்கி அடித்துவிட்டார். அதைத் திறக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது.

மூன்றாவது நன்றாக வந்தது. லேசாகத் திறந்தது, லேசாக மூடியது. வாயை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். ஊசி நுழைய இடமில்லாமல் அவ்வளவு கச்சிதமாக மூடியிருந்தது. ரயில்வேயில் சேர்ந்த அன்று இருந்த சந்தோஷம் அவருக்கு அன்று இருந்தது.

உலகம்மாள் உலையிலிருந்த ஒரு கம்பியை அந்தக் குறட்டால் எடுக்கச் சொன்னாள். எடுத்தார். வைத்து அடிக்கும் அடைகல்லுக்குக் கொண்டுபோகும் முன்பே கம்பி திரும்பி, வழுக்கி, அவருடைய கால் பெருவிரலுக்கு ஒரு விரற்கடை தள்ளி விழுந்தது.

நான்காவது அடித்தார். இன்னும் கச்சிதமாக மூடியது. இன்னும் வேகமாக வழுக்கியது.

“வாய் இவ்வளவு நல்லா மூடுது. பின்ன ஏன் ஆசாரியம்மா நிக்க மாட்டேங்கு?”

அவள் அவரைச் சுவரோரம் கூட்டிப்போனாள். அவளுடைய குறடுகள் வரிசையாகத் தொங்கின. தொட வேண்டாம் என்ற வழக்கத்தை அவளே அன்று தளர்த்தினாள்.

“ஒவ்வொண்ணா மூடிப் பாருங்க.”

மூடிப் பார்த்தார். பன்னிரண்டில் ஒன்றுகூட முழுசாக மூடவில்லை. ஒவ்வொன்றின் வாயிலும் இடைவெளி, ஒவ்வொன்றிலும் ஒவ்வோர் அளவில். இத்தனை நாளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பழசாகித் தேய்ந்துபோனவை என்றுதான் நினைத்திருந்தார்.

“இது உளிக்கு” என்றாள் அவள். “இது கடப்பாரைக்கு. இது மம்பட்டிக்கு. உங்களது எதுக்கு?”

“இரும்பப் பிடிக்கத்தான்.”

“எந்த இரும்ப?”

அவர் தன் குறட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அப்போதுதான் அவள் பட்டறையின் மற்றொரு வழக்கத்தைச் சொன்னாள். குறட்டின் வாயைக் கடைசியில் ஒருமுறை பழுக்கக் காய்ச்சி, அது பிடிக்கப்போகும் இரும்பின் மேலேயே வைத்துத் தட்டிப் படிய வைக்க வேண்டும். வெறும் வாயை மூடித் தட்டினால், பிடிக்கும்போது ரிவிட்டை ஒட்டிய வேரில் மட்டும் கவ்வும், நுனி ஆடும். ஆகவே முதல் வேலை என்னவென்று தெரியாமல் முதல் குறடு முடியாது. அந்த முதல் வேலை, யாராவது அவரிடம் கேட்ட ஒன்றாக இருக்க வேண்டும்.

“யாரும் கேக்கலைன்னா?”

“யாரும் கேக்காத இரும்ப இங்க சூடாக்குறதில்ல அண்ணாச்சி.”

துருத்திக்கு மோட்டார் சொல்லியிருப்பதாகவும், சனிக்கிழமை வெளியூரிலிருந்து ஓர் ஆள் வேலைக்கு வருவதாகவும் அதோடு சேர்த்துச் சொன்னாள். அதற்குள் குறடு முடிந்தால் உலையில் அவருக்கும் ஒரு பக்கம் உண்டு. முடியாவிட்டால் இங்கே அவருக்குச் செய்ய ஒன்றுமில்லை. அவள் இதைக் கோபமாகச் சொல்லவில்லை. அதனாலேயே அவருக்குப் பயமாக இருந்தது. மறுபடியும் அந்த வீடு, அந்த அரை லிட்டர்.

நான்கு நாள் கையில் இருந்தது. ஆவுடையப்பன் கேட்கப் புறப்பட்டார்.

அறுபத்திரண்டு வயது மனிதர் வீடு வீடாகப் போய், உங்களுக்கு இரும்பில் ஏதாவது வேண்டுமா என்று கேட்டால் ஊர் என்ன நினைக்கும்? டீக்கடைக்காரர், இப்போதெல்லாம் கடையிலேயே கிடைக்கிறதே என்று சொல்லி ஒரு டீயைக் கையில் கொடுத்தார். அடுத்த வீட்டுப் பெண் அவருக்கு உடம்பு சரியில்லையோ என்று பயந்து, தன் புருஷனைக் கூப்பிட்டாள். அவன் வந்து மரியாதையாக விசாரித்தான், மாத்திரை ஏதும் சாப்பிடுகிறாரா என்று. இருபது வருஷமாக ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தும் அவனுடைய பெயரே தனக்குத் தெரியாது என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. கூட வேலை பார்த்த ஒருவருக்குப் போன் பண்ணினார். அவருடைய மகன் எடுத்து, அப்பா தவறி ஒன்றரை வருஷம் ஆகிறதே, உங்களுக்கு யாரும் சொல்லவில்லையா என்றான்.

வியாழக்கிழமை சாயங்காலத்தோடு கேட்க ஆளில்லாமல் போயிற்று. அவ்வளவு சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை பட்டறைக்கு விடுமுறை. அன்று உலை மூட்டுவதில்லை. காலை வெயிலில் உலகம்மாள் அடைகல்லைக் கழுவி மஞ்சள் பூசிக்கொண்டிருந்தாள். ஆவுடையப்பன் நான்காவது குறட்டோடு வந்து, சக்கரத்தின் பக்கத்தில் தன் பழைய இடத்தில் உட்கார்ந்தார்.

“யாருக்கும் எங்கிட்ட ஒண்ணும் வேண்டாமாம்” என்றார்.

அவள் மஞ்சள் பூசிக்கொண்டே இருந்தாள்.

“நீங்க ஒண்ணு கேளுங்களேன் ஆசாரியம்மா. ஒரு கொக்கி. ஒரு ஆணி. என்னமும்.”

“எனக்கு வேணும்னா நான் அடிச்சுக்கிடுவேன். பாவம் பாத்துக் கேக்கது கேக்கதுல சேராது.”

அவருக்கு முகம் வாடிப்போயிற்று. குறட்டை மடியில் வைத்துத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். அவள் கையைக் கழுவிவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

“இந்த நாலு நாள விடுங்க. இதுக்கு முன்ன? உங்க ஆயுசுல யாருமே உங்ககிட்ட ஒண்ணும் கேட்டதில்லையா?”

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தார். சொல்லவில்லை. “வடிவு கேட்டா” என்றார்.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. வீட்டின் பின்கட்டிலிருந்து கிணற்றடிக்கு இறங்க மூன்று படி உண்டு. உயரமான படி. வடிவுக்கு முழங்கால் வலி. படியோரம் சுவரில் பிடித்து இறங்க ஓர் இரும்புக் கைப்பிடி வைத்துத் தரச் சொல்லிக் கேட்டாள். அடுத்த லீவில் பார்க்கலாம் என்றார். அடுத்த லீவில், அதற்கும் அடுத்த லீவில் என்றார். பதினொரு வருஷம் அப்படியே போயிற்று. அவள் சண்டை போடவில்லை. சுவரையே பிடித்து இறங்கப் பழகிக்கொண்டாள். அவள் கை படும் இடத்தில் சுவரில் எண்ணெய்க் கறை ஏறியிருந்தது. இரண்டு தடவை வெள்ளையடித்தும் அது போகவில்லை. இப்போதும் இருக்கிறது. காலையில் பல் தேய்க்கப் போகும்போதெல்லாம் அவர் அதைப் பார்க்காமல் இறங்கிப் போவார்.

“சின்ன வேலதான். ஆசாரியக் கூப்பிட்டு ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஒரு நாள்ல முடிஞ்சிருக்கும்” என்றார். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. வடிவு செத்தபோதுகூட ஊரார் முன்னால் அடக்கிக்கொண்டவர், ஒரு கைப்பிடிக்காகக் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

உலகம்மாள் தேற்றவில்லை. எழுந்துபோய் உலையில் கரி அள்ளிப் போட்டாள். வெள்ளிக்கிழமை மூட்டாத உலையை மூட்டினாள். சக்கரத்தைத் தானே சுற்றினாள். தீ பிடித்ததும் அவர் மடியிலிருந்த குறட்டை எடுத்து, வாய்ப்பக்கம் கரிக்குள் போகும்படி வைத்து, காம்பை அவர் பக்கம் திருப்பிவிட்டாள்.

“பிடிங்க.”

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பிடித்தார். சக்கரம் சுற்றியது. குறட்டின் வாய் மெல்ல நிறம் மாறியது.

“இப்ப செஞ்சு என்ன ஆவப்போவுது ஆசாரியம்மா?” என்றார். “கேட்டவ இல்லியே.”

“அவங்க கேட்டத இதுவரைக்கும் வேற யாரும் செஞ்சு குடுத்துட்டாங்களா?”

“இல்ல.”

அவள் சக்கரத்தை விட்டுவிட்டு, சுவரோரம் சாய்த்து வைத்திருந்த கம்பிகளிடம் போனாள். சுண்டுவிரல் தடிமன், பெருவிரல் தடிமன், அதற்கும் மேல் என்று வரிசையாக இருந்தன. அவற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு திரும்பினாள்.

“வாய் சிவந்துட்டு. சீக்கிரம் சொல்லுங்க. அவங்க கைக்கு எம்புட்டுத் தடிமன் அடங்கும்?”

ஆவுடையப்பன் தன் இடது கையைப் பார்த்தார். கட்டைவிரலையும் நடுவிரலையும் வளைத்து ஒட்டினாற்போலச் சேர்த்தார். இல்லை என்று தலையசைத்து, மெல்ல, கொஞ்சம் திறந்தார்.