கை படும் முன்பே ஏறிய நாடி

வைத்தியம் படிக்காதவர்களும் இந்த முடிச்சை அவிழ்க்கலாம். படித்தவர்கள்தான் கொஞ்சம் தடுமாறுவார்கள்.

உப்பளத்தில் வேலை பார்த்த இசக்கியம்மாளுக்கு நிமோனியா. ஒன்பது நாளாகத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வென்டிலேட்டர்தான் அவளுக்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. பிறகு காய்ச்சல் விட்டது. மயக்க மருந்தை நிறுத்தியதும் கண் திறந்தாள். சளியை உறிஞ்சும்போது கட்டிலே ஆடும்படி இருமினாள். இனி இயந்திரத்தின் உதவியைக் குறைத்துவிட்டு, அரை மணி நேரம் தானாக மூச்சு விடுகிறாளா என்று பார்க்க வேண்டும். விட்டால் வாய் வழியாக விட்டிருக்கும் மூச்சுக்குழாயை உருவிவிடலாம்.

முதல் நாள் டாக்டர் நஜீமா குனிந்து சத்தமாகச் சொன்னார்: "அம்மா, மெஷினை எடுக்கப் போறோம். பயப்படாதீங்க." நாலாவது நிமிடத்தில் இசக்கியம்மாளுக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது, வியர்த்துக் கொட்டியது. உதவியைப் பழையபடி கூட்டினார்கள். மறுநாள் பிசியோதெரபிஸ்ட் கோமதிநாயகம் அதையே சொல்லி அதையே செய்தார். மூன்று நிமிடம்கூடத் தாங்கவில்லை.

"நுரையீரல் இன்னும் தேறலை. நாளைக்குப் பத்து மணிக்குத் தொண்டையில துளை போட்டு, மெஷினை அது வழியா மாட்டிடலாம்" என்றார் டாக்டர்.

"நெஞ்சுச் சதைக்குப் பலம் பத்தலை மேடம். ரெண்டு நாள் பொறுப்போம்" என்றார் கோமதிநாயகம்.

நர்ஸ் ஜெஸிந்தாவுக்கு இரண்டும் மனசுக்கு ஒப்பவில்லை. தான் குறித்து வைத்திருந்த தாளை எடுத்துப் பார்த்தாள். எண்பத்தெட்டாக இருந்த நாடித்துடிப்பு இரண்டு நாளும் நூற்று இருபதைத் தாண்டியிருக்கிறது. அதுவும் இயந்திரத்தில் யார் கையும் படுவதற்கு முன்பே!

அன்று பார்வை நேரத்தில் மகள் செண்பகத்திடம் பேச்சுக் கொடுத்தாள்.

"எங்க மாமாவும் போன வருஷம் இப்படித்தான் சிஸ்டர் கிடந்தாவ. ஆறாம் நாள் மெஷினை எடுத்துட்டோம். காரியம் எல்லாம் அம்மாதான் நின்னு பாத்தா" என்றாள் செண்பகம்.

ஜெஸிந்தா நேரே டாக்டரிடம் போனாள்.

"மேடம், நாளைக்குப் பத்து மணிக்கு முன்னால எனக்கு ஒரு தடவை குடுங்க. மருந்து, மெஷின், எதையும் தொட வேண்டாம். ஒன்னே ஒன்னு மட்டும் மாத்துறேன்."

"அப்பவும் முடியலைன்னா?"

"துளை போடுற ட்ரேயை நானே எடுத்து வைக்கிறேன்."

மறுநாள் எட்டு மணிக்கு உதவியைக் குறைத்தார்கள். நாடி ஏறவில்லை. இசக்கியம்மாள் அரை மணி நேரமும் நிதானமாக மூச்சு விட்டாள்.

மூவரில் யார் கணித்தது சரி? ஜெஸிந்தா மாற்றிய அந்த ஒன்று எது?

விடை: ஜெஸிந்தா கணித்ததுதான் சரி. அவள் மாற்றியது, உதவியைக் குறைக்கும் முன் சொல்லும் அந்த வார்த்தையை. ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு மெஷினை எடுப்பது நல்ல செய்தி. ஆனால் அண்ணனை அப்படிப் பறிகொடுத்தவளின் காதில், நம்மையும் கைவிட்டுவிட்டார்கள் என்றல்லவா அது விழும்! நுரையீரலும் சதையும் நன்றாகவே இருந்தன, பயம்தான் மூச்சை வாங்க வைத்தது. அதனால் ஜெஸிந்தா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்குச் சரியாயிட்டும்மா. கொஞ்ச நேரம் நீங்களே மூச்சு விடுங்க. மெஷினும் இங்கதான் இருக்கு, நானும் இங்கதான் இருக்கேன். முடியலைன்னா கையை அமுக்குங்க" என்றாள். ஒன்பது மணிக்குக் குழாயை உருவினார்கள். செண்பகம் ஓடி வந்து கட்டிலருகே நின்றபோது, கரகரத்த குரலில் தாயின் வாயிலிருந்து முதலில் வந்தது ஏச்சுதான்: "ஏட்டி, சோறு தின்னியா இல்லியா? எலும்பாப் போயிட்டியே."