காந்தள் சொன்ன ஒரே பொய்

அந்தக் காலத்தில் மண்ணுக்குக் கீழே இருந்தவற்றுக்கும் வாய் இருந்தது. கீரைக்குப் போகிறவள் கையை நீட்டும் முன் "யாரு?" என்று கேட்பாள். செடி தன் பெயரைச் சொல்லும்.

"சாரணை. நுனியை மட்டும் கிள்ளிக்கோ. அந்தப் பக்கம் ஆடு கடிச்ச புண் இன்னும் ஆறலை."

"குப்பைமேனி. குழம்புக்கு வேண்டாம், சொறி சிரங்கு வந்தா வா."

"ஊமத்தை. தள்ளிப் போ தாயி."

கேட்காமல் எந்தச் செடியும் மனிதரிடம் வாயைத் திறக்காது. கேட்டுவிட்டால் உள்ளதைச் சொல்லும். இல்லாததைச் சொல்வது மனிதர்களிடம் மட்டும் இருந்த பழக்கம். அதனால் கீரைக்குப் போனவர்களுக்குக் காது போதும். கண்ணுக்கு அதிகம் வேலை இல்லை. இலை எப்படி, தண்டு எப்படி, ஒடித்தால் பால் வருமா, என்ன வாசனை என்று யாரும் பார்த்துப் பழகவில்லை.

கிழங்குக்கும் அதே வழக்கம். கோடையில் கொடிகள் காய்ந்து உதிர்ந்துவிடும். எது எங்கே படுத்திருக்கிறது என்பதற்கு மேலே அடையாளம் இருக்காது. தோண்டுகோலால் தரையை மூன்று தரம் தட்டி "உள்ளே யாரு?" என்பார்கள். "வள்ளி" என்று பதில் வந்தால் தோண்டுவார்கள். கிழங்கை எடுத்து, மண்ணைத் துடைத்து, பிறந்த பிள்ளையை ஏந்துவதுபோல் இரண்டு கையிலும் ஏந்தி, "வாடி என் ராசாத்தி" என்பார்கள். ஒரு பாகத்தை ஒடித்துத் திரும்பப் புதைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு நடப்பார்கள்.

மாராயியின் வீட்டுக்குப் பின்னால் கிளுவை மரங்களை நெருக்கி நட்ட முள்வேலி இருந்தது. அடுப்படியிலிருந்து பத்து எட்டு வைத்தால் வேலி. அந்த வேலியோரத்தில், வள்ளிக்குப் பக்கத்தில், ஒரு காந்தளும் இருந்தது. அப்போது அதன் பூ வெள்ளை, சின்னது, தலை குனிந்தது. இலை நுனிகள் மழுங்கலாக இருக்கும். கிழங்கில் விஷம். தட்டிக் கேட்டால், "காந்தள். விட்டுட்டுப் போ" என்று சொல்லும். கேட்டவள் "சரி" என்று நகர்ந்துவிடுவாள். எத்தனையோ கோடைகளாக அதைப் பார்த்து மனிதர் சொன்ன சொல் அந்தச் "சரி" ஒன்றுதான்.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. மாராயியின் புருஷன் மாடுகளையாவது காப்பாற்றலாம் என்று மலையடிவாரத்துக்கு ஓட்டிக்கொண்டு போயிருந்தான். வீட்டில் இரண்டு பெண்கள். ஒருத்தி மாராயி. இன்னொருத்தி அவன் தங்கை ராமக்காள், தலைப்பிரசவத்துக்கு அண்ணன் வீட்டுக்கு வந்தவள், ஒன்பதாம் மாசம். அண்ணன் மனைவியை அந்தச் சீமையில் நங்கை என்றுதான் கூப்பிடுவார்கள். ராமக்காளும் அப்படித்தான் கூப்பிட்டாள், ஆனால் வாய் சும்மா இருக்காது.

"நங்கை, உங்க கூழுல கம்பைத் தேடறதுக்குத் தனியா ஒரு ஆளு வேணும்."

"தேடிக் கண்டுபிடிச்சா எனக்கும் சொல்லு அம்மிணி."

ராமக்காள் சிரித்தாள். வட்டிலைப் பாதியில் நிறுத்தி, "நீங்க?" என்றாள்.

"நான் வேலியிலேயே கோவைப்பழம் தின்னுட்டேன். வயிறு முட்டிக் கெடக்குது. நீ குடி."

அந்த வேலியில் கோவைப்பழம் தீர்ந்து ஒரு மாசத்துக்கு மேல் ஆகியிருந்தது. ராமக்காளுக்கு அது தெரியாது. வட்டிலை எடுத்துக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். வயிற்றைத் தடவிக்கொண்டு, "உள்ளே ஒருத்தி உதைக்கறா. கூழு புடிக்கலையாம்" என்றாள். மாராயி முந்தானையால் அவள் வாயைத் துடைத்துவிட்டாள்.

வேலியோரத்துக் காந்தள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. பக்கத்துக் கிளுவையைக் கேட்டது: "பழமே இல்லையே. தின்னேன்னு சொன்னாளே, எதுக்கு?"

"அது அவங்க பழக்கம்" என்றது கிளுவை. "நமக்கு வேண்டாம்."

"சொன்னதும் அந்தப் பொண்ணு சிரிச்சா. இவ வாயைத் துடைச்சுவிட்டா. யாருக்கும் கெடுதல் வரலையே."

 

மறுநாள் கம்பும் தீர்ந்தது. அதற்கு மறுநாள் சாரணை வேரோடு சாம்பலாகிப்போனது. மாராயி காலையிலேயே தோண்டுகோலை எடுத்துக்கொண்டு வேலியின் ஒரு கோடியிலிருந்து தட்ட ஆரம்பித்தாள். வள்ளி படுத்திருந்த இடங்களையெல்லாம் தட்டினாள். எடுத்ததுபோக மிச்சம் வைத்த பாகங்கள்கூடக் காய்ந்து போயிருந்தன. கீழேயிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. உச்சிவெயில் ஏறும்போது அடுப்படிக்கு நேர் பின்னால் வந்து நின்றாள். உள்ளேயிருந்து ராமக்காள் குரல் கொடுத்தாள்.

"ஏனுங் நங்கை, கெடைச்சுதா?"

"கெடைக்கும், படு."

மூன்று தரம் தட்டினாள். "உள்ளே யாரு?"

பதில் வர நேரமானது. மாராயி கோலை எடுத்துக்கொண்டு நகரப் போனாள்.

"வள்ளி" என்றது காந்தள்.

அவள் நின்றாள். "யாரு?"

"வள்ளிதான்."

கிளுவை விறைத்துப்போயிற்று. தன்னை யாரும் கேட்கவில்லை; கேட்காமல் மனிதரிடம் பேசக் கூடாது. காந்தளிடம் மட்டும் அடிக்குரலில் சொன்னது: "என்ன காரியம் பண்ணிட்ட."

"எடுத்துப் பார்த்ததும் தெரிஞ்சிடும். திருப்பி வச்சிடுவா. கொஞ்ச நேரம் கையில இருந்துட்டு வர்றேன், அவ்வளவுதான்."

மாராயி தோண்டினாள். கிழங்கு வெளியே வந்தது. ஏர்க்கலப்பை மாதிரி வளைந்து, இரண்டு கைகளாகப் பிரிந்து. வள்ளி அப்படி இருக்காது. அவள் அதைப் பார்க்கத்தான் செய்தாள். பார்த்து, மண்ணைத் துடைத்தாள். "என்னடி இப்படிக் கோணிக் கெடக்கற" என்று கேட்டாள். கேட்டுவிட்டு, பதில் சொல்லக் காந்தள் வாயெடுப்பதற்குள், "பஞ்சம் உன்னையும் விடலையா என் ராசாத்தி" என்று இரண்டு கையிலும் ஏந்தி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள்.

காந்தளுக்கு அந்தக் கைகளை விட மனசு வரவில்லை. வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டது.

வழக்கப்படி மாராயி கிழங்கின் ஒரு கையை ஒடித்துத் திரும்பப் புதைத்தாள். இன்னொரு கையை எடுத்துக்கொண்டு நடந்தாள். ஒடித்தாலும் இரண்டும் ஒரே உயிர்தான். வேலியோரத்தில் கிடந்த கை, அடுப்படியில் இருந்த கைக்கு நடப்பதையெல்லாம் கேட்டது.

ராமக்காள் கிழங்கை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதென்ன இது. யாரு உன்னை அடிச்சு வளைச்சது?" என்று கேட்டாள்.

கிழங்கைப் பார்த்துத்தான் கேட்டாள். சொல்லிவிடலாம். ஒரு சொல் போதும்.

"புகை கண்ணுல ஏறுது, அதைக் குடு இப்படி" என்று மாராயி வாங்கிக்கொண்டாள். அடுத்த மூச்சில் கத்தி விழுந்தது. வெட்டுப்பட்ட செடிக்குப் பேச்சு இல்லை.

வெந்ததும் ராமக்காள் ஒரு துண்டை வாயில் போட்டாள். "கொஞ்சம் காறுதுங் நங்கை."

"மழையில்லாத கெழங்கு அப்படித்தான் இருக்கும். உப்பைத் தொட்டுக்கோ."

"நீங்க ஒரு துண்டு எடுங்க."

"நான் அங்கேயே ஒண்ணைச் சுட்டுத் தின்னுட்டுத்தான் வந்தேன்."

"எப்பப் பார்த்தாலும் எனக்கு முந்தித் தின்னுடறீங்க. கள்ளி நீங்க." ராமக்காள் மிச்சத்தையும் தின்றாள். ரொம்ப நாளைக்குப் பிறகு வயிறு நிறைந்ததில் அப்படியே சுவரில் சாய்ந்து கண்ணை மூடினாள்.

சாயங்காலம் தொண்டை எரிகிறது என்றாள். விளக்கேற்றுவதற்குள் வயிற்றில் இருந்ததெல்லாம் வெளியே வந்தது. மறுநாள் காலையில், பிரசவ நாள் வருவதற்கு முன்பே, வலி கண்டது. உச்சிப்பொழுதில் பெண்குழந்தை பிறந்தது. சின்னக் குழந்தை, ஆனால் நன்றாக அழுதது. ராமக்காள் அதைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மாராயியைப் பார்த்தாள்.

"நங்கை, நேத்து நீங்களும் தின்னீங்கதானே?"

"தின்னேன் அம்மிணி."

"அப்ப உங்களுக்கு ஏன் ஒண்ணும் ஆகலை?"

மாராயி கையிலிருந்த தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்தாள். அதுவரை அவளுக்கு அது தோன்றவே இல்லை. பசியில் உடம்பு கெட்டது, பஞ்சக் கோளாறு என்றுதான் நினைத்திருந்தாள். கிழங்கு அவள் மனசில் இப்போதுதான் எழுந்து நின்றது: அந்த வளைவு, அந்த இரண்டு கைகள்.

"நான் தின்னலை அம்மிணி" என்றாள். "ஒரு வாய்கூடத் தின்னலை."

ராமக்காள் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்கு வைத்துவிட்டு நீங்கள் பட்டினி கிடந்தீர்களே என்று அந்தப் பார்வை சொன்னதா, தெரிந்தே எனக்குக் கொடுத்தீர்களா என்று கேட்டதா, மாராயிக்குக் கடைசிவரை புரியவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை. அதற்குப் பிறகு ராமக்காள் பேசவில்லை. மூன்றாம் நாள் விடிந்தபோது அவள் இல்லை.

அடக்கம் முடிந்து வந்து, மாராயி குழந்தையை ஒரு கையில் இடுக்கிக்கொண்டு வேலிக்குப் போனாள். காற்று இல்லை. வேலியில் இருந்தவை எல்லாம் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. கோலால் மூன்று தரம் தட்டினாள்.

"உள்ளே யாரு?"

"காந்தள்."

அவள் அப்படியே நின்றாள். "அன்னிக்கு வள்ளின்னியே."

"சொன்னேன்."

"எதுக்குச் சொன்னே?"

"நீங்க பழம் தின்னேன்னு சொன்னீங்க. தின்னலை. அந்தப் பொண்ணு சிரிச்சா. அது மாதிரின்னு நினைச்சேன்."

மாராயி திட்டவில்லை. சபிக்கவும் இல்லை. கோல் கையிலிருந்து நழுவி விழுந்தது. அதை எடுக்கக் குனியவில்லை. உட்காரவும் தெரியாமல், போகவும் தெரியாமல், பசித்து அழுகிற குழந்தையை வைத்துக்கொண்டு வெயிலில் நின்றாள். வாய் மட்டும் அசைந்தது. என்ன சொன்னாள் என்று பக்கத்தில் இருந்த கிளுவைக்கும் கேட்கவில்லை.

ஆனால் கிளுவை தன் வாயை மூடிக்கொண்டது. ஊமத்தை மூடிக்கொண்டது. அந்தச் செய்தி வேருக்கு வேர் போய்ச் சேரச் சேர, காடு முழுக்க ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. பேசினால் என்ன நடக்கும் என்று அவை பார்த்துவிட்டன. யாரும் கட்டளை இடவில்லை. அவை எல்லாமே திகைத்துப்போயின. திகைப்பு தெளியவே இல்லை.

ஐப்பசியில் மழை வந்தது. மண்ணுக்குள் கிடந்த காந்தளின் ஒற்றைக் கை முளைத்தது. அதற்கும் பேச்சு இல்லை. சொல்ல வேண்டியது மட்டும் உள்ளே அப்படியே இருந்தது: நான் வள்ளி இல்லை. வாய் போனபிறகு உடம்பைத் தவிர வேறு எதைக் கொண்டு அதைச் சொல்வது. கொடி கிளுவைமேல் ஏற ஏற, இலையின் நுனி நீண்டு, விரலாகி, சுருண்டது. எட்டியதையெல்லாம் பற்றிக்கொண்டது.

கார்த்திகையில் ஒரு காலை, மாராயி கூழ் கிண்டிக்கொண்டிருந்தபோது, தவழப் பழகியிருந்த குழந்தை பின்வாசல் வழியாக வேலிக்குப் போய்விட்டது. காந்தள் கொடியின் அடியில் மழையில் இளகிய மண்ணைக் கையால் கிளறியது. மாராயி ஓடி வந்தபோது குழந்தை நகர முடியாமல் சிணுங்கிக்கொண்டிருந்தது. அதன் அரைஞாண் கயிற்றை ஓர் இலையின் நுனி சுற்றிப் பிடித்திருந்தது. மேலே ஒரு பூ. அப்படியொரு பூவை அவள் பார்த்ததே இல்லை. ஆறு இதழ்கள், அடியில் மஞ்சள், நுனியில் நெருப்பு, எல்லாம் பின்னால் வளைந்து மேலே எழும்பி, ஏதோ ஒன்றைப் பார்த்துப் பதறி இரண்டு கையையும் தூக்கியவள் அப்படியே உறைந்துபோனதுபோல.

"யாரு?" என்றாள் மாராயி.

பதில் இல்லை. அவள் குனிந்து பார்த்தாள். இலையைப் பார்த்தாள், நுனியைப் பார்த்தாள், தண்டைப் பார்த்தாள். தன் வாழ்நாளில் ஒரு செடியை அவள் அவ்வளவு நேரம் பார்த்தது அதுதான் முதல் தடவை. பிறகு அரைஞாணிலிருந்து அந்த விரலை மெதுவாக விடுவித்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். கொடியைப் பிடுங்கி எறியவில்லை.

அந்தப் பஞ்சத்திலிருந்துதான் செடிகள் பெயர் சொல்வதில்லை. கீரைக்கும் கிழங்குக்கும் போகிறவர்கள் கிள்ளி, முகர்ந்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் மடியில் போடுகிறார்கள். செங்காந்தள் மட்டும் தூக்கிய கைகளை இன்னும் இறக்கவில்லை. கார்த்திகை மழையில் வேலியோரமாக நடக்கிற பெண்களின் சேலையை அதன் இலைநுனி பற்றிக்கொள்கிறது, அவர்கள் ஏதோ முள் என்று விடுவித்துக்கொண்டு நடக்கிறார்கள்.