பச்சோந்தி ஏன் ஆடி ஆடி நடக்கிறது

அந்தக் காலத்தில், மிருகங்களும் பறவைகளும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்தபோது, எந்தத் தலைக்குள்ளும் சூடு மட்டும்தான் இருந்தது. அந்தச் சூட்டுக்குத் தெரிந்தது ஒரே சொல்: "போ". புல்லைக் கண்டால் போ, நிழலைக் கண்டால் போ, சத்தம் கேட்டால் போ. "பொறு" என்று சொல்ல உள்ளே யாரும் இல்லை. குயில் கூவத் தொடங்கினால் தொண்டை கட்டிக் கீழே விழும்வரை கூவும். முயல் ஓடத் தொடங்கினால் மரத்தில் முட்டிக்கொண்டுதான் நிற்கும்.

மலையடிக் காட்டில் மருதாயி என்று ஒரு பச்சோந்தி இருந்தாள். அன்றைய பச்சோந்திகள் அம்பாகப் பாய்ந்து ஓடும். அவளுடைய நாக்கு அதைவிட வேகம். வேகம் இருந்து என்ன பயன்? ஈ வந்து உட்காருமுன்பே நாக்கு பாய்ந்துவிடும், வெறுங்காற்றோடு திரும்பும். பொழுதெல்லாம் எறிந்தும் வயிறு ஒட்டித்தான் கிடந்தது.

ஒரு சித்திரை நண்பகலில் காய்ந்த மூங்கில் ஒன்று படீரென்று வெடித்தது. கடுவன் என்ற குரங்கு வீரிட்டான். அவன் சத்தத்தில் மயில்கள் அலறின, மயில்களின் அலறலில் மான்கள் பாய்ந்தன. காடு முழுவதும் வலிப்பு வந்த உடம்பு போலத் துடித்து ஒரே பக்கமாக ஓடியது. அந்தப் பக்கம் பள்ளத்தாக்கு. மருதாயியும் ஓடினாள். விளிம்பில் ஒரு முட்செடி அவளைக் குத்திப் பிடித்துக்கொண்டது. ஏழு மான்கள் அவள் கண்ணெதிரே விழுந்தன.

மிஞ்சியவை குளக்கரைக்கு வந்து அழுதன. ஓடாமல் இருந்தது ஆமை குழியன் ஒருவன்தான். குளத்தின் கருங்களிமண்ணில் தலை புதைத்துக் கிடந்தான்.

"அண்ணே, உனக்கு மட்டும் ஓடணும்னு தோணலையா?" என்று கேட்டாள் மருதாயி.

"தோணுச்சு தாயி. ஆனா இந்தக் களியோட குளிர்ச்சி மண்டைக்குள்ளே ஏறி, 'பொறு'ன்னு சொல்லிருச்சு. கொஞ்சம் எடுத்துக் காதுலே..."

கொஞ்சம் என்ற சொல் யார் காதில் விழுந்தது? சூடேறிய தலைகள் அல்லவா! அள்ளி அள்ளி இரண்டு காதிலும் அடைத்துக்கொண்டார்கள். மருதாயிக்குக் காதுத் துளை கிடையாது. அவள் நாக்கால் ஒரு தடவை நக்கினாள், அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் காடு அமைதியாக இருந்தது. நிம்மதி வந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு பார்த்தாள்: தண்ணீருக்கு முன்னால் நின்ற மான் குடிக்கவில்லை. யானை தூக்கிய தும்பிக்கையை இறக்கவில்லை. கடுவனின் இமையருகே ஈ ஒன்று சுற்றியது, அவன் கண் சிமிட்டவில்லை.

ஈயைக் கண்டதும் மருதாயிக்குள் சூடு "போ" என்றது. அதன் பின்னாலேயே வந்த குளிர்ச்சி "பொறு" என்றது. ஈ உட்கார்ந்தது. இப்போது நாக்கு பாய்ந்தது. வாழ்க்கையில் அவள் பிடித்த முதல் ஈ!

அதை விழுங்குவதற்குள் புகை வாசனை வந்தது. மேற்கே காய்ந்த புல் பற்றி எரிந்துகொண்டு வந்தது.

"ஏ கடுவா! யானையக்கா! தீ!"

ஒருவரும் அசையவில்லை. "ஓடு" என்றது சூடு. ஓடியிருந்தால் அவள் பிழைத்திருப்பாள், அவள் மட்டும். மருதாயி ஒரு மூச்சு நின்றாள். பிறகு கடுவனின் தோளில் ஏறி, அவன் காதுகளிலிருந்த களி முழுவதையும் நாக்கால் இழுத்துத் துப்பினாள்.

கடுவன் துள்ளி எழுந்தான். எழுந்தவன் நேரே தீயை நோக்கிப் பாய்ந்தான்! மருதாயி பின்னாலேயே ஓடி, அவன் வாலில் நாக்கை எறிந்து ஒட்டிக்கொண்டாள். இழுபட்டுக்கொண்டே முதுகில் ஏறி, வாயில் மிஞ்சியிருந்த ஒரு சிட்டிகைக் களியை அவன் காதில் திரும்ப வைத்தாள்.

கடுவன் நின்றான். தீயைப் பார்த்தான், குளத்தைப் பார்த்தான்.

"நான் எங்கே ஓடிட்டு இருந்தேன்?" என்றான். "தண்ணி அந்தப் பக்கமில்ல இருக்கு!"

அவளுக்குக் கணக்குப் பிடிபட்டுவிட்டது. நாலு பங்கு சூட்டுக்கு ஒரு பங்கு குளிர்ச்சி. குறைந்தால் வெறி, கூடினால் கல். யானையின் காதுமடலில் தொற்றி ஏறி, அளந்து அளந்து இழுத்தாள். நாக்கு கனத்தது, தாடை வலித்தது, புகையில் கண் எரிந்தது. ஒரு பங்கு மட்டும் மிஞ்சியபோது யானை இமைத்தாள்.

"என்னம்மா மருதாயி, எங்கே ஊத்தணும்?"

"காத்து வர்ற பக்கம் ஊத்துக்கா. மொதல்ல புல்லை நனை."

யானை தண்ணீரை உறிஞ்சிப் பீய்ச்சினாள். மருதாயி ஒவ்வொரு காதாகத் திறக்கத் திறக்க, மான்கள் எரியாத புல்லை மிதித்துத் தீ தாண்டாதபடி பாதை வெட்டின, குரங்குகள் ஈரக்களியை வாரி வீசின. யாரும் யார்மேலும் மோதவில்லை. குளத்துக்குப் பத்தடி தூரத்தில் தீ புஸ்ஸென்று அடங்கியது.

யானை ஒரு பிளிறல் பிளிறிவிட்டு நிறுத்தினாள். அவள் நிறுத்திய இடத்தில் மயில் அகவியது. மயில் ஓய்ந்ததும் குயில் கூவியது. அந்தக் காட்டில் முதல்முறையாக எல்லார் குரலும் எல்லாருக்கும் கேட்டது. மான்கள் வட்டம் வட்டமாகத் துள்ளின. கடுவன் மருதாயியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு காடு முழுவதும் சுற்றிவந்தான்.

இறக்கிவிட்டதும் அவள் ஒரு காலைத் தூக்கினாள், முன்னே நீட்டினாள், பின்னே ஆடினாள், மறுபடி நீட்டினாள். அத்தனை பேர் களியும் அவள் நாக்கில் ஊறி, அவளுக்குள் சூடும் குளிர்ச்சியும் சரிக்குச் சரியாகிவிட்டன.

"ஏன் இப்படி ஆடுறே?" என்று பதறினான் கடுவன்.

"ஒண்ணு போங்குது, ஒண்ணு பொறுங்குது. ரெண்டு பேரையும் கேட்டுட்டுக் காலை வைக்கிறேன். எனக்கென்ன அவசரம்?" என்று சிரித்தாள் மருதாயி.

அன்று முதல்தான் எல்லாத் தலையிலும் நாலுக்கு ஒன்று என்று "பொறு" குடியிருக்கிறது. அன்று முதல்தான் பச்சோந்தியும் முன்னும் பின்னும் ஆடி அடியெடுத்து வைக்கிறது. அது ஆடுவதைப் பார்த்து, காற்றில் ஆடும் இலை என்று ஈக்கள் ஏமாந்துபோகின்றன.